பதினாலும் பதினாறும்

தகடு செக்‌ஷனில் அவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் அந்த ஹாங்கரில் பாதிப் பேர் "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கையை விரித்துவிடுவார்கள். காலையில் ஓவராலை மாட்டும்போது ஆரம்பிக்கிற பேச்சு, சாயங்காலம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவும்வரை ஓயாது. மச்சினன் வாங்கிய புது வண்டி, மாடி வீட்டுக்காரரோடு தண்ணீர்க் குழாய்ச் சண்டை, பல்வலி வந்தால் எந்தப் பக்கம் மெல்லுவது என்று எதுவும் விடுபடாது. எதிரே நிற்பவன் காதில் ஒரு வார்த்தையும் விழாத சத்தத்திலும் பேசுவார். "கேக்கலன்னா என்ன, நான் சொல்லிட்டேன்ல" என்பார்.

அவ்வளவு பேச்சுக்கும் ஒரு காரணம் இருந்தது. தான் பேசிக்கொண்டே இருந்தால், அடுத்தவர் பேசுவதைக் கேட்க வேண்டிய சிரமம் இல்லை. அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

ரிவெட் கன்னைப் பாதி ஆயுசுக்கு மேல் பிடித்தவர். விமானத்தின் மேல்தகட்டையும் உள்ளே இருக்கும் சட்டத்தையும் சேர்த்துக் கோக்கிற ஆணிதான் ரிவெட். கன் அதை வெளியிலிருந்து தடதடவென்று இடிக்கும், உள்ளிருந்து ஒருவர் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்துத் தாங்குவார். இரண்டு பக்க அடியிலும் ஆணி நசுங்கி உட்கார்ந்துகொள்ளும். இளவயதில் காதடைப்பான் போடச் சொன்னபோதெல்லாம், "போட்டா பேசுறது கேக்காதே" என்று அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தார். இப்போது வீட்டு அழைப்புமணி கேட்பதில்லை. இடது பக்கமிருந்து யார் பேசினாலும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது. வருஷா வருஷம் நடக்கும் காதுப் பரிசோதனையில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, வெளியே பட்டனை அழுத்தும் நர்சின் தோளையே பார்ப்பார். தோள் அசைந்தால், சத்தம் கேட்டதுபோல் கையைத் தூக்குவார். இப்படியே காதும் காதும் வைத்த மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தார்.

பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அவருக்கு முன்னால் ஒருவருக்குக் காது போய்விட்டது என்று எழுதி, ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். நாள் முழுக்கத் திருகாணியைப் பொட்டலம் கட்டிப் பொட்டலம் கட்டி மனிதர் ஆளே சுருங்கிப்போனார். ரேடியோவால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவருக்குத் தெரிந்த உலகம் அந்த ஹாங்கர்தான். விமானத்தின் வயிற்றுக்கடியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் கம்பெனிக்கு ஆள் பஞ்சம் வந்தது. விமானங்கள் கூடிக்கொண்டே போயின, வேலைக்காரர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். டிரெய்னிங் மேடம் எல்லோரையும் ஹாங்கர் ஓரத்தில் கூட்டிப் பேசினார். அந்தம்மாவே ஒரு காலத்தில் இன்ஜின் செக்‌ஷனில் ஒற்றைப் பெண்ணாக வேலை பார்த்தவர். பாத்ரூம் போக அடுத்த கட்டிடம்வரை நடந்தவர்.

"உங்கள்ல பாதிப் பேர் சீக்கிரமே ரிட்டயர் ஆகப் போறீங்க. அந்த இடத்துக்கு யார் வருவாங்க? இதுவரைக்கும் நாம கூப்பிடாத வீடுகள்ல இருந்துதான் வரணும்" என்றார் மேடம். "குழந்தை பிறந்ததும் வேலைய விட்ட பொம்பளைங்க, சக்கர நாற்காலில இருக்கிறவங்க, காது கேக்காதவங்க. வேலை தெரிஞ்சா போதும், நாம எடுத்துக்கப் போறோம்."

ரேடியோதான் முதலில் எழுந்தார்.

"எல்லாரும் வரட்டும் மேடம், சந்தோஷம். ஆனா காது கேக்காதவங்கள எப்படி மேடம் விமானத்து மேல ஏத்துறது? தீப்பிடிச்சிருச்சுன்னு கத்தினா எப்படித் தெரியும்? பின்னால வண்டி வந்தா? ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குக் கேக்கணும். இந்த வேலைக்குக் காதுதான் மேடம் உசுரு."

கைதட்டல் விழுந்தது. அவருக்குப் பாதிதான் கேட்டது.

"நல்ல கேள்விங்க" என்றார் மேடம். "ஒவ்வொண்ணுக்கும் வழி பண்ணிட்டுத்தான் ஆள் எடுப்போம்."

சொன்னபடியே செய்தார். அபாய மணி இருக்கும் இடத்திலெல்லாம் சுழலும் சிவப்பு விளக்கு வந்தது. வண்டி நெருங்கினாலோ யாராவது அழைத்தாலோ மணிக்கட்டில் அதிர்கிற பட்டை ஒன்று வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, விருப்பப்பட்டவர்களுக்குச் சைகைமொழி வகுப்பும் ஆரம்பித்தது.

அதற்கப்புறம்தான் அவள் வந்தாள். முப்பது வயதைத் தாண்டியவள், பிறவியிலேயே காது கேட்காது. பஸ் பாடி கட்டும் பட்டறையில் பல வருஷம் ரிவெட் அடித்துப் பழகிய கை. மோவாயில் சின்னக் குழி விழும். ஆள்காட்டி விரலால் அந்தக் குழியைத் தொட்டுக் காட்டினால் அதுதான் அவர்கள் மொழியில் அவள் பெயர். ஹாங்கரில் அதையெல்லாம் யார் கண்டார்கள்? முதல் நாளே ரேடியோ அவளுக்கு 'சைலன்சர்' என்று பெயர் வைத்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் உதடுகளைப் படித்திருக்க வேண்டும். ரேடியோவைச் சுட்டி, பிறகு வாய்க்கு முன்னால் நாலு விரலையும் கட்டைவிரலையும் வாத்து அலகு மாதிரி ஓயாமல் திறந்து மூடிக் காட்டினாள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு கிளம்பியது. அன்றோடு சைலன்சர் என்ற பெயர் எடுபடாமல் போனது, ரேடியோவுக்குச் சைகைப் பெயராக வாத்து அலகுதான் நிலைத்தது. ரேடியோவுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் பதிலுக்குப் பதில் கொடுக்கிறவர்களை அவருக்குப் பிடிக்கும்.

ஜோடி பிரிக்கும்போது, ரேடியோவோடு சேர்ந்து வேலை பார்த்தவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். யாரும் கேட்காத அந்த இடம் அவளுக்கு வந்தது. "என் தலையெழுத்தைப் பாருங்கப்பா" என்று நாலு பேரிடம் சொல்லிப் புலம்பினார்.

ஆனால் வேலை ஆரம்பித்த பிறகு புலம்ப ஒன்றும் கிடைக்கவில்லை. ரேடியோ வெளியே கன்னோடு நிற்பார், அவள் உள்ளே கட்டையோடு இருப்பாள். நடுவில் தகடு, ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. இந்த வேலையில் பேச்சு என்பது கட்டையால் தகட்டில் தட்டுவதுதான். ஒரு தட்டு என்றால் இன்னும் கொஞ்சம் அடி. இரண்டு என்றால் சரியாக உட்கார்ந்துவிட்டது. மூன்று என்றால் கெட்டுப்போய்விட்டது, பிடுங்கி எடு. உலகத்தில் எந்தத் தகடு வேலைக்காரரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். அவள் தட்டு தெளிவாக, சந்தேகமில்லாமல் வரும். அவரும் வெளியிலிருந்து பேசிக்கொண்டே அடிப்பார். மத்தியானத்துக்குள் ஒரு வரிசையே முடிந்துவிடும்.

"தங்கச்சி கை நல்ல கை" என்று டீக்கடையில் ஒத்துக்கொண்டார். அதிலிருந்து அவளை எல்லோரும் தங்கச்சி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

சைகை வகுப்புக்கு முதலில் போகவில்லை. ஆனால் போனவர்கள் எல்லாம் அவளோடு விரலாலேயே ஏதோ சொல்லிச் சிரித்துக்கொள்வதைப் பார்த்ததும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தனக்குத் தெரியாத ஒரு வம்பு இந்த ஹாங்கரில் நடக்கிறது என்றால் சாப்பாடு இறங்குமா? அடுத்த வாரமே முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். அங்கே அவருக்கே ஆச்சரியமான ஒன்று நடந்தது. கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், யார் என்ன சொன்னார்கள் என்று ஒருமுறைகூட அவர் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. தோளெல்லாம் தளர்ந்து, வகுப்பு முடியும்போது நல்ல தூக்கம் தூங்கி எழுந்த மாதிரி இருந்தது. ஏன் என்று அவர் யோசிக்கப் போகவில்லை.

யோசித்தவள் அவள்தான். ஒருநாள் டீ குடிக்கும்போது எதிரே வந்து உட்கார்ந்து, போனில் தட்டெழுதி நீட்டினாள். "அண்ணா, உங்க கை தகட்டு மேல இருந்தா நான் தட்டுறது உங்களுக்குத் தெரியுது. கையை எடுத்துட்டா தெரியறதில்ல. எல்லாரும் பேசும்போது நீங்க வாயையே பாக்கறீங்க, என்னை மாதிரி. உங்களுக்குக் காது கேக்கறதில்லையா?"

ரேடியோவின் முகம் சுண்டிப்போனது. போனை அவள் பக்கம் தள்ளினார். "உன் வேலைய நீ பாரு" என்று வாயால் சொல்லி, கையாலும் காட்டிவிட்டு, பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் பேச்சு குறைந்தது. "என்னப்பா, ரேடியோவுக்கு பேட்டரி தீர்ந்துபோச்சா?" என்று கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்றார்.

அவள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு உள்ளிருந்து அவள் தட்டும் தட்டு முன்னைவிடக் கொஞ்சம் பலமாக வர ஆரம்பித்தது. அவர் அதைக் கவனித்தார், நன்றி சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த விமானம் வந்தது. மறுநாள் காலையில் கிளம்ப வேண்டியது, எல்லோரும் பறந்துகொண்டிருந்தார்கள். விமானத்தின் உடம்புக்குள் விலா எலும்பு மாதிரி வளையம் வளையமாகச் சட்டங்கள் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. பரிசோதகர் ஒரு சட்டத்தில் சில ரிவெட்டுகள் தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். அதை வேலை அட்டையில் எழுதிக் கொடுப்பதுதான் முறை. தகடு வேலைக்குப் பொறுப்பான இன்சார்ஜுக்கு அதற்குப் பொறுமை இல்லை. கீழே கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்க, தரையில் நின்றபடியே மேலே பார்த்துக் கத்தினார்.

"பதினாலாம் நம்பர்ல ஒரு வரிசையை மாத்திடுங்க. அட்டை அப்புறம் வரும்."

அவர் நின்றது ரேடியோவின் இடது பக்கம். ரேடியோவுக்கு நம்பரில் பதினா என்பதுவரைதான் வந்தது, அதன் வாலைக் கம்ப்ரஸர் தின்றுவிட்டது. இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். கேட்டால் "என்ன, காது கேக்கலையா?" என்று வரும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டார். பிறகு தங்கச்சியிடம் திரும்பி, ஒரு ஊகத்தில் விரலால் பதினாறு என்றார்.

அவள் பதினாறாம் சட்டத்து ரிவெட்டுகளைத் தடவிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். 'நல்லாத்தானே இருக்கு' என்றாள். பிறகு உள்ளங்கையில் எழுதுவதுபோல் காட்டினாள். 'எழுதினது எங்கே?'

'இன்சார்ஜ் சொல்லிட்டார். அட்டை வரும். நடத்து.'

அவள் ஒரு நொடி அவரையே பார்த்தாள். அப்புறம் டிரில்லை எடுத்தாள்.

சாயங்காலம் பரிசோதகர் வந்து விளக்கடித்துப் பார்த்தார். தளர்ந்த பதினாலு அப்படியே இருந்தது. நல்லபடியாக இருந்த பதினாறில் ஒரு வரிசை முழுக்கப் பிடுங்கப்பட்டுப் புதிதாக அடிக்கப்பட்டிருந்தது. விமானத்தில் தேவையில்லாமல் ஓட்டையைத் தொடுவது சின்ன விஷயமில்லை. ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும், இன்ஜினியர் ஒப்புதல் தர வேண்டும். காலையில் கிளம்ப வேண்டிய விமானம் நின்றுபோனது.

விமானத்தை ஒட்டிப் போட்டிருந்த வேலை மேடை மேல் இன்சார்ஜ் ஏறி வந்தார். ரேடியோவைப் பார்க்கவே இல்லை, நேரே அவளைத்தான் பார்த்தார்.

"நான் அன்னிக்கே நினைச்சேன். பதினாலுன்னா பதினாறுன்னு புரிஞ்சுக்கிட்டா எப்படி? இதுக்குத்தான் சொன்னது, காது கேக்காதவங்க இந்த வேலைக்குச் சரிப்பட மாட்டாங்கன்னு."

அவள் உதடுகளைப் படித்துவிட்டாள். நிதானமாகப் போனை எடுத்து எழுதிக் காட்டினாள். "எனக்கு நம்பர் சொன்னது இவர். பதினாறுன்னு காட்டினார். எழுதினது எங்கேன்னு கேட்டேன்."

இன்சார்ஜ் ரேடியோ பக்கம் திரும்பினார். "அப்படியா? நீயா பதினாறுன்னு காட்டினே?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஞாபகம் இல்ல சார்" என்றார். "வேலை அவசரம்."

தங்கச்சி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை போடவில்லை, கண் கலங்கவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு ஏணியில் இறங்கினாள். நாளைக் காலையில் விசாரணை என்றார் இன்சார்ஜ்.

ரேடியோ வீட்டுக்கு வந்தபோது மனைவி அப்போதுதான் மருந்துக்கடை வேலை முடிந்து வந்து, கால்களை முக்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிய தினுசிலேயே ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து வந்து, சோபாவில் அவருக்கு வலது பக்கமாக உட்கார்ந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

சொன்னார். தங்கச்சி எழுதிக் காட்டியது, தான் ஞாபகமில்லை என்றது, எல்லாவற்றையும் சொன்னார். காதைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சத்தத்தில் சரியா விழல என்று முடித்தார்.

மனைவி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"நான் எப்பவும் உங்களுக்கு எந்தப் பக்கம் உக்காருறேன், சொல்லுங்க பாப்போம்."

"எந்தப் பக்கம்னா?"

"வலது பக்கம். சாப்பிடும்போது, பஸ்ல போகும்போது, படுக்கும்போது. ரெண்டு வருஷமா. அதுக்கு முன்னாடி கட்டில்ல நான் இந்தப் பக்கம் படுத்ததே இல்ல. ஜன்னல் காத்து முகத்துல அடிக்குதுன்னு சொல்லி இடம் மாறினேனே, மறந்துட்டீங்களா? காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் இருந்து பேசினா உங்களுக்குக் கேக்கல."

ரேடியோ அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஊர்ல இருக்கிற அத்தனை கதையும் எங்கிட்ட சொல்ற மனுஷன், இதைச் சொல்லாமலா இருப்பாருன்னு." அவள் குரல் லேசாக இறங்கியது. உடனே அவருக்குக் கேட்க வேண்டுமே என்று மறுபடி உயர்த்திக்கொண்டாள். "சரி, என்கிட்ட சொல்லாதது நமக்குள்ள. அந்தப் பொண்ணு தலைல போட்டீங்களே, அது எப்படிங்க?"

"ஸ்டோர்ல உக்கார வெச்சிருவாங்க" என்றார். அவருக்கே தன் குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி இருந்தது.

"வெச்சா உக்காருங்க. நான் வந்து பாக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. அவள் அவருடைய இடது காதைச் சுற்றியிருந்த நரைமுடியை விரலால் ஒதுக்கிவிட்டாள். அந்தக் காதுக்கு என்ன சொன்னாலும் கேட்காது என்று தெரிந்தும் அதன் பக்கமாகவே குனிந்து ஏதோ சொன்னாள். என்ன என்று அவர் கேட்டார். "உங்களுக்கு இல்ல, அதுக்குச் சொன்னேன்" என்றாள். அப்போதுதான் அவர் அழுதார்.

காலையில் விசாரணைக்கு டிரெய்னிங் மேடமும் வந்திருந்தார். இன்சார்ஜ் ஆரம்பிப்பதற்குள் ரேடியோ எழுந்து நின்றார்.

"மேடம், நேத்து ஞாபகம் இல்லன்னு சொன்னது பொய். பதினாறுன்னு நான்தான் காட்டினேன். எனக்குச் சரியாக் கேக்கல. நேத்து மட்டும் இல்ல, ரொம்ப நாளாவே கேக்கல. டெஸ்ட்ல நர்சம்மா தோளைப் பாத்துப் பாஸ் பண்ணிட்டு வர்றேன். எழுதினது எங்கேன்னு தங்கச்சி கேட்டுச்சு. நான்தான் நடத்துன்னு சொன்னேன். இங்க காது கேக்காததால தப்பு நடந்தது வாஸ்தவம். ஆனா அந்தக் காது தங்கச்சியோடது இல்ல, என்னோடது."

சொல்லும்போதே கையாலும் சொன்னார், அவளுக்குப் புரிய வேண்டும் என்று. பாதிச் சைகை தப்பாக வந்திருக்கும். அவள் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் இன்சார்ஜைப் பார்த்துக் கேட்டார். "அட்டை இல்லாம வாயால ஏன் சார் சொன்னீங்க?" இன்சார்ஜ் நல்ல மனிதர்தான், அவசரக்காரர். எழுந்துபோய்த் தங்கச்சியின் முன்னால் நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி மெதுவாக, "தப்பா பேசிட்டேம்மா" என்றார். அன்றைக்கே உத்தரவு வந்தது. எவ்வளவு அவசரமானாலும் எழுத்தில் இல்லாத வேலையை யாரும் தொடக் கூடாது.

ரேடியோவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். காது டாக்டரிடம் அனுப்பினார்கள். இடது காது முக்கால்வாசி போயிருந்தது, வலது காது அதன் வழியில் போய்க்கொண்டிருந்தது. இரண்டுக்கும் கருவி வந்தது. பாதி நாள்தான் கன் பிடிக்கலாம், அதுவும் இரட்டைக் காதடைப்பானோடு. மீதி நாள் தகடு வெட்டி வளைக்கிற மேசையில் வேலை. அவர் பயந்துகொண்டே மேடத்திடம் போய் நின்றார்.

"ஸ்டோருக்கா மேடம்?"

"ஸ்டோர்ல உங்களை வெச்சா அங்க இருக்கிறவன் வேலைய விட்டு ஓடிருவான்" என்றார் மேடம். "சிவப்பு விளக்கு, கையில கட்டுற பட்டை எல்லாம் ஏற்கெனவே இருக்கே. அன்னிக்கு நீங்க எழுந்து கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் வழி பண்ணினோம்ல, அதெல்லாம் உங்களுக்கும்தான். போய்ப் பட்டையை வாங்கிக் கட்டிக்குங்க."

அந்த மாதத்தில் தகடு செக்‌ஷனில் இன்னும் இரண்டு பேர் தாமாகவே வந்து, தங்கள் காதையும் ஒழுங்காகப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள்.

ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. விசாரணை முடிந்த அன்று அவர் முதலில் தேடிப்போனது தங்கச்சியைத்தான். அவள் மேடைக்கடியில் உட்கார்ந்து டிரில் முனைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக்கான சைகையை வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். காதைத் தொட்டுக் காட்ட வேண்டும். அவர் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு விரலால் தன் காது மடலைப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார்.

அவள் உடனே சிரித்துவிடவில்லை. துணியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள், நிறைய எழுதினாள்.

"பஸ் பட்டறைல ரெண்டு தடவை இப்படி என் தலைல போட்டாங்க. ரெண்டு தடவையும் ஒண்ணும் பேசாம வேலைய விட்டேன். இந்தத் தடவை விட மாட்டேன்னு முடிவு பண்ணிட்டுத்தான் காலைல வந்தேன். நீங்க ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்காட்டியும் நான் இங்கதான் இருந்திருப்பேன். உங்க மேல கோபம் இருக்கு. அது போறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார். காதை விடவில்லை. அவள் அவர் கையைத் தட்டி இறக்கிவிட்டாள். பிறகு மேலே விமானத்தைக் காட்டினாள். இன்ஜினியர் ஒப்புதல் வந்துவிட்டது, பதினாறைச் சரிசெய்ய வேண்டும், பதினாலையும் மாற்ற வேண்டும். 'வாங்க, வேலை கிடக்கு.'

இருவரும் ஏறினார்கள். அவர் ஒவ்வொரு ரிவெட்டுக்கும் உள்ளங்கையைத் தகட்டில் வைத்துக் காத்திருந்தார், ஒளிக்க ஒன்றும் இல்லாதவராக. உள்ளிருந்து அவள் தட்டுவது கையில் வந்து இறங்கியது. விமானம் ஒரு நாள் தாமதமாகக் கிளம்பிப் போனது.

அவள் கோபம் போகச் சில வாரம் ஆனது. அது எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் டீக்கடையில் அவர் சொல்லிக்கொண்டிருந்த கதையை அவள் நடுவில் கையைக் காட்டி நிறுத்தி, 'இதை முந்தாநாளே சொல்லிட்டீங்க' என்றாள். சரி, சமாதானம் ஆகிவிட்டது என்று அவர் புரிந்துகொண்டார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் அவர் வீட்டுக்கு வந்தாள். கூப்பிட்டது ரேடியோ இல்லை, அவர் மனைவி. கருவி மாட்டியபின் அவருக்கு ஓரளவு நன்றாகவே கேட்டது. ஆனால் டாக்டர் சொன்னதை மனைவி கவனமாகக் கேட்டு வந்திருந்தாள். இருக்கிறதைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது, இன்னும் கொஞ்சம் போனாலும் போகும்.

"எனக்கும் அந்தக் கைப் பாஷைய சொல்லிக் கொடும்மா" என்று அவளை எதிரே உட்கார வைத்துக்கொண்டாள். ரேடியோ நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். "இவருக்கு மொத்தமா போயிருச்சுன்னு வெச்சுக்கோ, அப்புறம் நான் யாரோட சண்டை போடுறது? முப்பது வருஷப் பழக்கம், திடீர்னு நிறுத்த முடியுமா?"

ரேடியோ அதை அப்படியே கையால் சொன்னார். தங்கச்சி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். சிரிப்பில் அவளுக்குச் சத்தம் வந்தது. அவள் குரலை அவர்கள் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். கருவி வழியாக அது ரேடியோவுக்கும் முழுசாகக் கேட்டது.

முதலில் வா, போ, சாப்பிடு எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். மனைவிக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. "இதெல்லாம் ஜாடையிலயே புரியும்மா. ஈரத் துண்ட கட்டில்ல போடாதீங்கன்னு எப்படிச் சொல்றது?" என்றாள். தங்கச்சி காட்டினாள். ஈரம், துண்டு, கட்டில், வேண்டாம். மனைவி நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக மடக்கிப் பழகினாள். கட்டில் என்று காட்ட வேண்டிய இடத்தில் கைகள் குழம்பின. ரேடியோ திருத்தப் போனார். அவர் கையைத் தட்டிவிட்டாள். மறுபடி முதலிலிருந்து செய்தாள். மூன்றாவது தடவை சரியாக வந்தது. உடனே அதே சுறுசுறுப்பில், எப்போது பழகினாளோ, இன்னொரு வரியையும் சேர்த்தாள். 'எத்தனை தடவை சொல்றது?'

தங்கச்சி கைகளை உயர்த்தி விரல்களை ஆட்டினாள். அந்த மொழியில் அதுதான் கைதட்டல்.

ரேடியோ பதில் சொல்ல வாயைத் திறந்தார். மனைவி தன் கையைக் காட்டினாள். வாயால் இல்லை, இதால். அவர் வாயை மூடிக்கொண்டு, அந்தத் துண்டைப் போட்டது தான் இல்லை என்பதற்குச் சைகை தேட ஆரம்பித்தார். 'நான்' கிடைத்தது, 'துண்டு' கிடைத்தது. நடுவில் வர வேண்டியது கிடைக்கவில்லை. உதவிக்குத் தங்கச்சியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தேடி முடிப்பதற்குள் மனைவி ஜெயித்துவிட்ட முகத்தோடு எழுந்து, மூன்று பேருக்கும் டீ போடப் போய்விட்டாள்.